பட்டமா பறக்கிறது?

பட்டம் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. சிறுவன் கை நூலைப் பற்றிக்கொண்டு விண்ணிலே ஏறுவதும் பட்டம். பல்கலைக்கழக மண்டபத்திலே கருப்பு அங்கி தரித்துக் கைநீட்டிப் பெறுவதும் பட்டம். முன்னது காற்றடித்தால் பறக்கும். பின்னது கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே புகுந்து சுவரிலே தொங்கும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கினார்களோ என்னவோ, விமானம் ஓட்டுவதற்கும் கல்லூரிப் பட்டம் வேண்டும் என்று நெடுங்காலம் சாதித்து வந்தனர் சிலர். அமெரிக்க நாட்டுப் பெரும் விமான நிறுவனங்கள் பல அதை விதியாகவே வைத்திருந்தன. நம் நாட்டிலும், "பட்டம் பெறாதவன் கையிலா நூற்றைம்பது உயிரை ஒப்படைப்பது?" என்று புருவம் நெரிப்போர் உளர்.

கேட்கட்டும். கேள்வியைக் கண்டு அஞ்சுபவரல்லர் நாம். ஆனால், விடை கிடைத்த பிறகும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஐயம் என்று பெயரில்லை. பித்து என்று பெயர்.

இது விமானிகள் சிலரின் வேலை பற்றிய வழக்கு, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட வேண்டா. 'தகுதி', 'திறமை' என்ற இரண்டு சொற்களை நெஞ்சிலே ஈட்டியாகத் தாங்கி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொற்களுக்குப் பொருள் எழுதுவோர் யார், எழுதிய பொருளால் வாசலுக்கு வெளியே நிற்போர் யார் என்று ஆராய்வது நம் பிறவிக் கடன். விமானியின் கதை அந்த ஆராய்ச்சிக்குப் பளிங்குபோல் உதவுகிறது. ஏனெனில், வானம் பொய் சொல்லாது. திறமையில்லாதவனைச் சிபாரிசு தாங்கிப் பிடிக்காது அங்கே.

முதலில், விமானிக்கு எது தேவை என்று பார்ப்போம். இந்திய விதிப்படி வணிக விமானி உரிமத்துக்கு வயது 18 ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். திசையறிந்து செலுத்தும் முறை, வானிலை, விமானச் சட்ட விதிகள், பொறியின் நுட்பம், வானொலியிலே பேசும் முறை எனத் தேர்வுகள் பல தேறவேண்டும். கண், காது, இதயம் அனைத்தையும் மருத்துவர் ஆராய்ந்து ஒப்ப வேண்டும். பயணிகள் விமானத்துக்குத் தலைவனாக அமர, மேலும் உயர்ந்த உரிமம் வேண்டும். அதற்கு 1,500 மணி நேரப் பறப்பு. உலக நாடுகள் கூடி அமைத்த சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமும் வயது, அறிவு, அனுபவம், செயல் திறன், உடல்நலம் ஆகியவற்றைத்தான் அளக்கச் சொல்கிறது. பி.ஏ. படித்தாயா, பி.எஸ்ஸி. படித்தாயா என்று அது கேட்கவில்லை.

இதிலே கவனிக்க வேண்டிய சிறப்பொன்று உண்டு. உரிமம் கைக்கு வந்துவிட்டது, இனி ஓய்வு என்று விமானி சாய்ந்துவிட முடியாது. ஆறு திங்களுக்கொருமுறை அவன் சோதனைக்கு வரவேண்டும். எந்திரம் ஒன்று நின்றுபோனால் என் செய்வாய்? தீப்பிடித்தால் என் செய்வாய்? செய்து காட்டு! காட்டத் தவறினால் கட்டாயம் கீழே நிற்பாய். இப்படி வாழ்நாள் முழுதும் தேர்வு எழுதும் தொழில் அது.

பட்டதாரியை யார் அப்படிச் சோதிக்கிறார்கள்? இருபத்தோராம் வயதிலே பெற்ற தாள், எண்பதாம் வயதிலும் மங்காமல் ஒளி வீசுகிறது! படித்ததெல்லாம் மறந்தாலும் பட்டம் பறிபோவதில்லை. ஒருமுறை அணிந்தால் சாகும்வரை உயர்வு தரும் பொருள் இன்னொன்றும் இந்நாட்டிலே உண்டு. அதை மார்பின் குறுக்கே அணிவார்கள். காகிதப் பட்டத்தை அந்த நூலைப்போல ஆக்கிவிடாதீர் என்பதே நம் வேண்டுகோள்.

வரலாறு என்ன கூறுகிறது? 1903 டிசம்பர் 17-ஆம் நாள், கிட்டி ஹாக் மணல்வெளியிலே, எந்திரம் பூட்டிய வானவூர்தி 12 விநாடி பறந்தது. பறக்கவிட்ட ரைட் சகோதரர் இருவரும் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழைக்கூடப் பெற்றாரில்லை. மிதிவண்டிக் கடைக்காரர்கள் அவர்கள். ஆனால் படிப்பை வெறுத்தவர்களா? இல்லை. கிடைத்த நூலையெல்லாம் கற்றனர். காற்றுக் குழாய் ஒன்றைத் தாமே கட்டி, சிறகு வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். ஏட்டிலிருந்த கணக்கு தவறென்று கண்டபோது, ஏட்டைத் தொழாமல் திருத்தினர். 1927-லே அட்லாண்டிக் கடலைத் தனியொருவனாகத் தாண்டிய லிண்ட்பர்க், பல்கலைக்கழகத்தைப் பாதியிலே விட்டவன். 1947-லே ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த சக் யேகரும் பட்டம் பெற்றவரல்லர்.

"விதிவிலக்குகளைக் காட்டி விதியை மறுப்பதா?" என்பார்கள். நியாயமான எதிர்ப்பு. ஆகவே வீரர் கதையை விட்டு, விதியின் கதைக்கே வருவோம். பட்டம் என்ற மதில் அமெரிக்காவிலே யாரைத் தடுத்தது?

1957-லே மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி, கான்டினென்டல் நிறுவனத்திலே வேலை கேட்டார். விமானப் படையிலே ஆண்டுக்கணக்கில் பறந்த அனுபவசாலி. அவரைவிடக் குறைந்த மணி நேரம் பறந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது; அவருக்கு இல்லை. மன்றத்துக்குப் போனார். 1963-லே உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. 1965-லே அவர் அந்நிறுவனத்தின் விமானத்தை ஓட்டினார். எட்டாண்டுப் போர், ஒரு நாற்காலிக்காக!

"நீ கறுப்பன், வராதே" என்று முகத்துக்கு நேரே சொல்லும் காலம் அதோடு முடிந்தது. முடிந்ததும் ஆதிக்கம் மாய்ந்ததா? வேடம் மாற்றிற்று! வட கரோலினாவிலே ஒரு மின்சார நிறுவனம். கறுப்பினத் தொழிலாளரைக் கூலிப் பிரிவிலேயே அடைத்து வைத்திருந்தது. இனவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே நாளிலே அந்நிறுவனம், நல்ல பிரிவுகளுக்கு வரவிரும்புவோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பதோடு எழுத்துத் தேர்வுகளும் தேறவேண்டும் என்றது. சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளையர் அங்கே குறையின்றி வேலை செய்துகொண்டுதான் இருந்தனர்! 1971-லே உச்ச நீதிமன்றம் அந்தச் சூழ்ச்சியைச் சாய்த்தது. வேலையோடு தொடர்பில்லாத தகுதி, ஓரினத்தாரை வெளியேற்றுமானால், அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிரிக்ஸ் வழக்கு என்பர் அதனை. தகுதி, திறமை என்று ஓயாது பேசுவோர் தலையணைக்கடியிலே வைத்துப் படிக்கவேண்டிய தீர்ப்பு.

ஆனால், அடுத்த ஆண்டே வானத்திலே தீர்ப்பு வேறாக வந்தது. யுனைடெட் விமான நிறுவனத்திலே இடம் கேட்ட கறுப்பின இளைஞர் ஒருவர், பட்டமில்லை, பறந்த நேரம் போதாது என்று திருப்பப்பட்டு வழக்காடினார். அந்நிறுவனத்திலே அப்போது ஏறத்தாழ 5,900 விமான அலுவலர். அவருள் கறுப்பினத்தவர் 9 பேர். ஆம், ஒன்பதே ஒன்பது! எனினும் 1972-லே மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. உயிர்கள் சம்பந்தப்பட்ட வேலை; ஆகவே முதலாளி தன் நிபந்தனைக்குக் காட்டவேண்டிய சான்றின் பளு குறைவு என்றது. பறந்த நேரம் வேண்டும் என்பது சரி. பட்டம் எதற்காம்? வகுப்பறையிலே அமர்ந்து பயிற்சி பெறும் ஆற்றல் இருப்பதை அது காட்டுமாம்!

வகுப்பறையிலே அமரத் தெரியுமா என்றறிய, நான்காண்டுக் கல்லூரிச் செலவா? நீச்சல் தெரியுமா என்றறியக் கடல் வாங்கிய சான்று கேட்பதுபோல் இல்லையா இது? அதே விமானப் பயிற்சி வகுப்பிலே அமர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

அரை நூற்றாண்டு கழிந்தது. 2022 ஜனவரியிலே டெல்டா நிறுவனம் பட்டக் கட்டாயத்தை நீக்கிற்று. யுனைடெட் நிறுவனம் அதே ஆண்டு அரிசோனா மாநிலத்திலே சொந்தப் பயிற்சிப் பள்ளியையே திறந்தது. அங்கே சேரக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. அன்று நீதிமன்றத்திலே நின்று, இஃதில்லாமல் இயலாது என்று வாதாடிய அதே நிறுவனந்தான்!

திடீரென்று ஞானோதயமா? போதி மரத்தடியிலே அமர்ந்தார்களா? இல்லை, தோழர்களே! கொரோனாக் கொள்ளை நோயின்போது மூத்த விமானிகள் ஆயிரக்கணக்கில் ஓய்வு பெற்றனர். நோய் தணிந்தது, பயணிகள் திரும்பினர், ஓட்ட ஆளில்லை! பஞ்சம் வந்தது, பட்டம் பறந்தது. பாதுகாப்புக்கு அது உயிர்நாடி என்றால், ஆள் பற்றாக்குறைக்காக அதைக் கைவிடத் துணிவார்களா? எந்திரத்தின் திருகாணி கிடைக்கவில்லையென்று, திருகாணி இல்லாமலே விமானத்தைப் பறக்கவிடுவார்களா? விடமாட்டார்கள். பட்டத்தை விட்டார்கள். ஆகவே, அது திருகாணியாக இருந்ததில்லை, தோரணமாகவே இருந்தது என்பதை அவர்களே மெய்ப்பித்துவிட்டார்கள்.

இனி, மறுபக்கத்தின் வலுவான வாதம். 2009 ஜனவரி 15-ஆம் நாள், நியூயார்க்கிலே பறவைகள் மோதி இரு எந்திரங்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றின்மீது இறக்கி, 155 பேரையும் காத்தார் தலைமை விமானி சலன்பர்கர். அவர் பட்டங்கள் பல பெற்றவர்தாமே என்பார்கள். ஆம், பெற்றவர். வாழ்த்துவோம். ஆனால் அன்று அவருக்குக் கிடைத்த மூன்றரை நிமிடத்திலே துணை நின்றது எது? ஏறத்தாழ 20,000 மணி நேரம் பறந்து பறந்து பழுத்த கையும், கலங்காத கண்ணும், அருகிருந்த துணை விமானியின் ஒத்துழைப்பும் அன்றோ!

அதே ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், பஃபலோ நகருக்கருகே மற்றொரு விமானம் விழுந்தது. 50 பேர் மாண்டனர். வேகம் குறைந்து விமானம் சரியப்போகிறது என்று கருவி எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய விமானி உயர்த்தினார். முன்பே சில செயல்முறைத் தேர்வுகளிலே தவறியவர் அவர். அதன் பிறகு அமெரிக்க அரசு, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் 1,500 மணி நேரப் பறப்பைப் பொதுவிதியாக்கிற்று. அங்கீகாரம் பெற்ற விமானத்துறைப் பட்டப் படிப்பை முடித்தவருக்கு 1,000 மணி போதும். விமானப் பாடமும் பயிற்சியும் சேர்ந்த படிப்புக்குத்தான் இந்தச் சலுகை. வெறும் பட்டத்துக்கு இல்லை. பயன் தரும் படிப்புக்குச் சலுகை தருவதை எவரும் எதிர்க்கமாட்டார். பயன் காட்டாத பட்டத்துக்குக் காவலனாக நிற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

கணக்கறிவு வேண்டாமா என்பார்கள். வேண்டும்! 1983 ஜூலை 23-ஆம் நாள் கனடா நாட்டு விமானமொன்று எரிபொருள் தீர்ந்து நடுவானிலே ஊமையாயிற்று. காரணம்? பவுண்டையும் கிலோகிராமையும் மாற்றிக் கணக்கிட்டுவிட்டனர். பள்ளிக்கூடத்துக் கணக்கு! அதைத் தவறியதால் வந்த ஆபத்திலிருந்து 69 பேரைக் காத்தது, தலைமை விமானி எந்திரமில்லாச் சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியிருந்த பழக்கம். கவனமாகப் போட்ட எளிய கணக்கு, கைவந்த பழக்கம் — இவ்விரண்டும் எந்தப் பட்டத்தாளில் அச்சாகின்றன?

அதனினும் பெரிய பாடம் டெனரீஃப் தீவிலே கிடைத்தது. 1977 மார்ச் 27-ஆம் நாள், ஓடுபாதையிலே இரு பெரும் விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தனர். அனுமதி வருமுன்னே விமானத்தைக் கிளப்பியவர் கற்றுக்குட்டியா? இல்லை, பிறருக்குப் பயிற்சி அளித்த பெருமைக்குரியவர். பொறியாளர் ஐயப்பட்டுக் கேட்டார்: மற்ற விமானம் பாதையைவிட்டு விலகவில்லையோ என்று. தலைவர் தட்டிக் கழித்தார்; அதற்குமேல் எவரும் எதிர்த்துப் பேசவில்லை. பெரியவர் சொன்னால் பிழையிராது என்ற பணிவு, 583 உயிரைக் குடித்தது!

பகுத்தறிவாளரே, இதை மனத்திலே பொறித்துக்கொள்ளுங்கள். அத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் விமான உலகம், தலைவனைக் கேள்வி கேட்கத் துணை விமானிக்குக் கற்றுத் தந்தது. கேட்டால் செவிசாய்க்கத் தலைவனுக்குக் கற்றுத் தந்தது. 'ஏன்?' என்று கேட்பது அடக்கமின்மை என்று ஊரிலே ஏசுகிறார்கள். விமானி அறையிலே அது உயிர்காக்கும் கடமை என்று விதித்திருக்கிறார்கள்! இந்தப் பண்பை வளர்க்கும் கல்லூரி வாழ்க. தலையாட்டக் கற்பித்துத் தாள் தரும் கல்லூரியால் வானத்துக்கு என்ன பயன்?

தாளைத் தொழும் நாட்டிலே தாள் விற்பனைப் பொருளாகும். 2011-லே இந்தியாவிலே போலி மதிப்பெண் சான்று காட்டி உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டனர். 2020-லே பாகிஸ்தான் அமைச்சர், 262 விமானிகளின் உரிமங்கள் ஐயத்துக்குரியவை என்று நாடாளுமன்றத்திலேயே கூறினார். இன்னொரு தாளைக் கூட்டுவதால் இந்நோய் தீராது. தேர்வை நேர்மையாக நடத்துவதால் தீரும்.

இங்கே நம் அணியிலிருந்தே ஒரு குரல் எழலாம். "1953-லே குலக்கல்வித் திட்டம் வந்தபோது, அரைநாள் படிப்பு போதும், அரைநாள் தொழில் பழகட்டும் என்றவர்களை எதிர்த்து, அதை 1954-லே வீழச் செய்த மரபல்லவா நமது? படிப்பைவிடத் தொழில் பழக்கமே போதும் என்று நாமே இன்று பேசலாமா?" நல்ல கேள்வி, நாம் மகிழ்ந்து விடை தரவேண்டிய கேள்வி. குலக்கல்வி, அப்பன் தொழிலை மகன் தலையிலே கட்டியது, பிறப்பைத் தகுதியாக்கியது, பள்ளியின் கதவைப் பாதி மூடியது. நாம் கேட்பது, குயவன் மகளும் சலவைத் தொழிலாளி மகனும் தாம் விரும்பிய விமானத்தை, திறந்த தேர்விலே வென்று ஓட்டவேண்டும் என்பது. அது கதவை மூடிய திட்டம். இது கதவைத் திறக்கும் கோரிக்கை. கல்லூரிக்கு நம் பிள்ளைகள் போகட்டும்; ஆயிரமாயிரமாய்ப் போகட்டும்! ஆனால், போக முடியாதவன் திறமையை, போனவன் தாளால் மறைக்காதீர்.

நம் நாட்டிலே விமானி உரிமத்துக்குப் பட்டம் கேட்பதில்லை என்று பூரித்துவிடவும் வேண்டா. இங்கே மதில் வேறு. 1990-களின் நடுவிலிருந்து, இயற்பியலும் கணிதமும் படித்து 12-ஆம் வகுப்புத் தேறியவரே வரலாம் என்று விதி. அதற்கு முன் 10-ஆம் வகுப்புப் போதுமானதாக இருந்தது. கலை, வணிகப் பிரிவு மாணவருக்கும் வழிவிடுவது பற்றி 2025-லே பேச்செழுந்தது. வரவேற்போம். வேண்டிய இயற்பியலையும் கணக்கையும் உரிமத் தேர்வே அளந்துகொள்ளட்டும்.

ஆனால் உண்மையான கோட்டைச் சுவர் அதுவன்று. பணம்! உரிமம் பெறும்வரை ஆகும் செலவு அரைக் கோடி ரூபாயை எட்டும், தாண்டும். பின்னர் குறிப்பிட்ட வகை விமானத்துக்கான பயிற்சிக்குத் தனிச் செலவு. 1929-லே இந்திய நாட்டின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1932-லே கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். அவரிடம் கல்லூரிப் பட்டம் இல்லை. ஆற்றலிருந்தது, ஆர்வமிருந்தது, கூடவே டாட்டா குடும்பத்துச் செல்வமுமிருந்தது. அதே ஆற்றலும் ஆர்வமும் கொண்ட நெசவாளி மகன், தறியின் ஓசைக்கு மேலே விமானத்தின் ஓசையைக் கேட்டு அண்ணாந்து பார்க்கிறான், பார்ப்பதோடு சரி. பட்டம் கேட்காத வாசல் அவனிடம் பணப்பெட்டி கேட்கிறது. சாதியால் தள்ளினார்கள் நேற்று. தாளால் தள்ளினார்கள் அமெரிக்காவிலே. காசால் தள்ளுகிறார்கள் இங்கே. கை மாறுகிறது, கழுத்து மட்டும் அதே ஏழையின் கழுத்து!

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஒன்று: வானத்திலே உயிர்காக்கும் அளவுகோல் எதுவோ, அதை இம்மியும் தளர்த்தாதீர். பறந்த நேரம், செயல்முறைச் சோதனை, உடல்நலம், நேர்மையான தேர்வு ஆகியவற்றை இன்னும் கடுமையாக்குங்கள், கைதட்டுவோம். இரண்டு: திறமையை அளக்காத அளவுகோல் எதுவோ, அதை உடைத்தெறியுங்கள். அரசே பயிற்சிப் பள்ளி நடத்தட்டும். நுழைவிலே சமூகநீதி இருக்கட்டும். தேர்ந்தவன் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். வேலை கிடைத்தபின் ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும்.

இளைஞனே! நாளை எவரேனும் உன்னிடம், "தகுதி இருக்கிறதா?" என்று கேட்டால், தலைகுனியாதே. "எந்த வேலைக்கு, எந்தத் தகுதி? அது அந்த வேலைக்கு ஏன் வேண்டும்? மெய்ப்பித்துக் காட்டு!" என்று திருப்பிக் கேள். மெய்ப்பித்தால், உழைத்து அந்தத் தகுதியைப் பெறு. மெய்ப்பிக்கத் தவறினால், அந்த மதிலை இடி!